மூன்று நாள் பிரிக்கக் கூடாத கட்டு

அவளுடைய கையெழுத்து அழகாக இருந்தது. அவளை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அதுதான். பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிகிற அவசரத்தில் எழுதுகிற கை கோழி கிளறினாற்போலத்தான் எழுதும். இவள் மட்டும் எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, தேதிக்குக் கீழே கோடு போட்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி எழுதி வைத்திருந்தாள். இதற்கெல்லாம் இவளுக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கிறது என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் அறுவை வார்டில் எனக்குக் காலை ஏழிலிருந்து இரண்டு வரை வேலை. அது முடிந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாலு மணிக்குத் தையலம்மா வீட்டுக்குப் போவேன். பள்ளிச் சீருடை தைக்கிற கடையை முப்பது வருஷம் நடத்தியவர் அவர். வயது அறுபத்தாறு. சர்க்கரை வியாதி. இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று. மகள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள், வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். அதுவரை சர்க்கரை அளவு பார்ப்பது, ஊசி போடுவது, காலைக் கழுவி ஈரம் இல்லாமல் துடைப்பது, கூடத்தில் நாலு நடை நடத்துவது எல்லாம் என் பொறுப்பு.

செவ்வாய், வியாழன், சனி வேறொருத்தி வருவாள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்த வீடு அது. தினமும் ஒரு ஆள் வேண்டும் என்று மகள் நினைத்தபோது எனக்கு மற்ற நாள் தோதுப்படவில்லை, இவளைச் சேர்த்தார்கள். ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவே ஒரு நோட்டு. அவள் எழுதியதை நான் படிப்பேன், நான் எழுதியதை அவள் படிப்பாள். மனதுக்குள் அவளுக்குச் செவ்வாய்க்காரி என்று பெயர் வைத்திருந்தேன்.

கையெழுத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தையலம்மா அவளைக் கண்ணு என்று சொல்ல ஆரம்பித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'நேத்து அந்தக் கண்ணு ஊசி போட்டுச்சு, போட்டதே தெரியல' என்பார். கண்ணு கட்டினால் ஓரம் அடித்த துணி மாதிரி இருக்கிறதாம். கண்ணு வந்தால் நேரம் போவதே தெரியவில்லையாம். இதையெல்லாம் அவர் காலைக் குனிந்து கழுவிக்கொண்டிருக்கிற என்னிடம் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு, 'தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு சிஸ்டர்' என்பார்.

நான் சிஸ்டர். அவள் கண்ணு. என்னைப் பெற்றவர்கள்கூட என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் 'ஏய்' என்பதுதான் பெயர். யாரைக் கூப்பிட்டார்களோ என்று ஐந்து பேரும் ஓடுவோம். வார்டில் என்னைத் தெரிந்துகொள்வதற்குள் நோயாளி நாலாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுவான். எனக்காக ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தையலம்மா வீட்டில்தான். மணி நாலு ஆனதும் அவர் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். அப்படித்தான் இருந்தது, அவள் வருகிறவரைக்கும்.

இந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்க, ஒரு திங்கட்கிழமை மேட்ரன் என்னைக் கூப்பிட்டு டயாலிசிஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றார். ஆறு மாத வகுப்பு. தினமும் மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை. மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டு, மேட்ரன் அறை வாசலில் நின்று நின்று, ஒருமுறை அழவும் அழுது கேட்ட இடம். டயாலிசிஸ் பிரிவில் ஒரே முகம் வாரம் மூன்று தடவை வரும், வருஷக்கணக்கில் வரும் என்பதுதான் என் ஆசைக்குக் காரணம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். சேர்ந்தால் தையலம்மா வீட்டுக்குப் போக முடியாது.

மூன்று வருஷம் கேட்டவள் அந்த நிமிஷமே தலையை ஆட்டியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மேட்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நிற்கிற வேலை என்பதால் வீட்டுக்கு வந்ததும் வாய் துறுதுறுவென்று இருக்கும். அந்தம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது, பாவமாக இருக்கிறது என்று நான் இழுத்தேன். விட்டால் என்ன, இன்னொருத்திதான் இருக்கிறாளே, அவளே ஆறு நாளும் பார்த்துக்கொள்வாள் என்றார் அவர். பிசைந்த சோற்றை நான் தட்டிலேயே விட்டேன். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“நீ அங்க வேலைக்குப் போறியா, சக்களத்திச் சண்டைக்குப் போறியா?” என்று கேட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆறு நாளும் அவள். ஆறு நாளும் கண்ணு, கண்ணு, கண்ணு. அந்தக் கூடத்தில் நான் வந்து போன சுவடுகூட இருக்காது. பாத்திரத்தை நான் தேய்த்த தேய்ப்பில் அவர் அதற்கப்புறம் பேச்சை எடுக்கவில்லை.

இனி சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தையலம்மாவின் புண்ணின் மேல் மெத்தென்று ஓர் ஒட்டுப்பட்டை போடுவோம். அதன் மேல் துணிக்கட்டு. அந்தப் பட்டையைத் திங்களும் வியாழனும் மட்டுமே மாற்ற வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கசிந்து நனைந்தாலோ, ஓரம் பிரிந்து காற்றுப் புகுந்தாலோ ஒழிய நடுவில் தொடக் கூடாது. உரிக்கும்போதெல்லாம் புதிதாக வளர்கிற தோலும் கூடவே வந்துவிடும். இது நர்ஸ் படிப்பில் முதல் வருஷம் சொல்லிக்கொடுக்கிற பாடம். திங்கட்கிழமை மாற்றுவது நான். வியாழக்கிழமை மாற்றுவது அவள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் அவள் போட்ட பட்டையைப் பார்த்தேன். நாலு மூலையையும் கத்தரியால் வளைத்து வெட்டி, சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தாள். 'பாத்தீங்களா சிஸ்டர், கண்ணு வேலையை' என்றார் தையலம்மா. பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கட்டைவிரல் நகம் அந்த வளைந்த மூலைக்கு அடியில் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. மூலை எழுந்து நின்றது. எழுந்த பிறகு மாற்றத்தானே வேண்டும்? அவள் கைவேலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு என்னுடையதை ஒட்டினேன். நோட்டில், 'ஓரம் பிரிந்திருந்தது. மாற்றினேன்' என்று எழுதினேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனது நிறைந்திருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன், அன்று பஸ்ஸில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அடுத்த புதன்கிழமை போனால், திங்கட்கிழமை நான் போட்ட பட்டை இல்லை. அவளுடைய வளைந்த மூலைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நோட்டில் அழகான கையெழுத்தில், 'கசிவு இருந்தது. மாற்றினேன்.' சரி, புண் என்றால் கசியத்தான் செய்யும் என்று நம்பினேன். நம்பினாலும் அவளுடையதைப் பிரித்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் போகிற எந்த நாளும் அவள் ஒட்டியதை விட்டு வைத்ததில்லை. ஒட்டுப்பட்டைப் பெட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று மகள் ஒருமுறை கேட்டாள். நோட்டில் எழுதியிருக்கிறதே என்றேன்.

மேட்ரன் கூப்பிட்ட அந்தத் திங்கட்கிழமை, என்ன ஆனாலும் இந்தத் தடவை என் பட்டை வியாழன்வரை நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். புண் கசிவே இல்லாமல் காய்ந்திருந்தது. ஒட்டி முடித்து, உள்ளங்கையால் ஒரு நிமிஷம் முழுக்க அழுத்திப் பிடித்தேன். உடம்புச் சூட்டில் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். தையலம்மா தூங்கியே போய்விட்டார்.

புதன்கிழமை போய்த் துணிக்கட்டை அவிழ்த்தால், வளைந்த மூலைகள். ஒரு வார்த்தை படிக்காமல், ஒன்றும் யோசிக்காமல் பிடித்து உரித்தேன். உரித்த பிறகுதான் காலைப் பார்த்தேன். இரண்டு மாதமாக என் கண் பட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. புண்ணைச் சுற்றித் தோல் சிவந்து, பட்டையின் அளவுக்கே சதுரமாகக் கன்றிப் போயிருந்தது. மாத ஆரம்பத்தில் ஓரத்தில் இருந்த ரோஜா நிறப் புதுத்தோல் இல்லை. அளவுகோல் காகிதத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டரை சென்டிமீட்டர் இருந்தது, மூன்று ஆகியிருந்தது.

வேறு பட்டை போட்டுவிட்டு நோட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், தேதிக்குக் கீழே கோடு போட்டு, 'ஓரம் பிரிந்திருந்தது. மாற்றினேன்.'

என்னுடைய பொய், அவள் கையெழுத்தில். ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்த ஓரம் ஒரே நாளில் தானாகப் பிரியாது. பிரித்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மாட்டிக்கொண்டாள். மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் கதை முடிந்தது, கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. அந்தப் பொய் எப்படிச் செய்யப்படுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? அந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அன்று நோட்டில் 'மாற்றினேன்' என்று மட்டும் எழுதினேன், காரணம் எழுதக் கை வரவில்லை.

தையலம்மா அன்றைக்குக் கால் கொஞ்சம் எரிகிறது என்றார். நான் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் மகள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன், நாலு மணிக்கு நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், பேச வேண்டும் என்றாள். குரலில் வழக்கமான அக்கா இல்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் பேச வேண்டியதை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். புதன்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் அழுத்தி ஒட்டிய பட்டை ஒரே நாளில் எப்படிப் பிரியும்? செவ்வாய்க்கிழமை வருகிறவர் வேண்டுமென்றே பிரிக்கிறார் போலிருக்கிறது. இவ்வளவுதான். நான் முன்னால் வந்தவள், என்னைத்தான் நம்புவார்கள். மேட்ரனுக்கு என்ன சொல்வது என்பதையும் அதிலேயே முடித்துவிட்டேன்: வேண்டாம். ஆறு நாளும் நான். எப்படியாவது நேரத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். டயாலிசிஸ் எங்கே ஓடிப்போகிறது, அடுத்த வருஷமும் வரும். வராது என்று எனக்குத் தெரியும்.

கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து, உயரமாக, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஒருத்தியை இரண்டு மாதமாக நினைத்து நினைத்து வெறுத்திருந்தேன். இந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. தலை பாதி நரைத்திருந்தது. கனத்த உடம்பு. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கின பாதத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் நான் வீணாக எரிந்தது இவளுக்காகவா என்று ஒரு ஏமாற்றம்கூட வந்தது.

மகள் அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்றிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் எதிர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், நான் தேய்த்து உடுத்தியிருந்த உடுப்பைப் பார்த்தாள்.

“நீங்கதானா அந்தக் கண்ணு?” என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். எந்தக் கண்ணு என்று கேட்டேன்.

“திங்கக்கிழமைக் கண்ணு. கண்ணு நடத்தினா கால் வலியே தெரியாது. கண்ணு கழுவினா விரல் இடுக்குகூடக் காய்ஞ்சிருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. என்னை சிஸ்டர்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.”

அவள் சொல்வதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ள ஆசையாக இருந்தது. நடத்துவதைப் பற்றிச் சொன்னாராமா? விரல் இடுக்கைக்கூடக் கவனித்தாரா? நாக்கு நுனிவரை வந்த கேள்விகளை விழுங்கிவிட்டு, “என்கிட்ட நீங்கதான் கண்ணு” என்றேன்.

அவள் பாதத்தைப் பிடிப்பதை நிறுத்தினாள். அவள் ஊசி போட்டதே தெரியவில்லை என்று தையலம்மா சொன்னதையும், ஓரம் அடித்த துணியையும் சொன்னேன். அவள் முகம் மெல்ல மலர்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் ஊசி போட்ட கை என்றாள் அவள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “முப்பது வருஷம் கடையில ரெண்டு பேரை வெச்சு வேலை வாங்கினவங்க. இவளுக்கு அவளைச் சொல்லி, அவளுக்கு இவளைச் சொல்லி. நாம மூணாவதும் நாலாவதும்” என்றாள்.

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் விரல்களைப் பார்த்தாள்.

“நகமா?” என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

என் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டேன். “நகம்தான். நீங்க?”

“எனக்கு நகம் வளராது. கத்தரி முனை.”

அவளைக் காட்டிக்கொடுக்க நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள் நான். அவள் என்ன ஒத்திகை பார்த்துவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அதுவும் என்னுடையதுபோலத்தான் இருந்திருக்கும்.

மகள் வெளியே வந்தாள். கையில் நோட்டும் ஒட்டுப்பட்டைப் பெட்டியும். புண் பெரிதாகியிருக்கிறது, தினமும் யார் பிரிக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டாராம். இப்படியே போனால் எலும்புவரை இறங்கும், அப்புறம் காலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றாராம். அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேருமே ஓரம் பிரிந்தது என்று எழுதியிருக்கிறோம். இந்தப் பெட்டி புதுக் கடையில் வாங்கியது, ஒட்டு சரியில்லையோ என்று கேட்டாள்.

நல்ல பெண். எங்களுக்கு ஒரு வழியைத் தானே திறந்துவிட்டாள். ஆமாம் ஒட்டுதான் சரியில்லை என்றால் முடிந்தது. செவ்வாய்க்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்கிறேனோ அதையே சொல்கிற தோரணையில். உள்ளே தையலம்மா இருமுகிற சத்தம் கேட்டது. எனக்குப் புதன்கிழமை பார்த்த சிவந்த சதுரம் கண்ணுக்குள் நின்றது. எரிகிறது என்று சொன்னாரே, ஒரு பதில் சொன்னேனா நான்?

“ஒட்டுல குத்தமில்லம்மா. நான்தான் பிரிச்சேன்” என்றேன்.

“நானும்தான்” என்றாள் செவ்வாய்க்காரி.

மகளுக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டாள். என்ன காரணம் சொல்வது? கண்ணு என்ற ஒரு வார்த்தைக்காக என்று நாற்பத்து நாலு வயதுக்காரி எப்படிச் சொல்வது? ஒருத்தர் கட்டு ஒருத்தருக்குப் பிடிக்கவில்லை, போட்டி என்றேன். அவள் பெட்டியை மேஜை மேல் வைத்தாள். நாங்கள் எதிர்பார்த்தபடி சத்தம் போடவில்லை.

“உங்க போட்டிக்கு எங்கம்மா கால்தான் கிடைச்சுதா?”

பதினெட்டு வருஷத்தில் டாக்டர்கள் திட்டியிருக்கிறார்கள், நோயாளிகள் தட்டை விட்டெறிந்திருக்கிறார்கள். எதற்கும் நான் தலை குனிந்ததில்லை. அன்று குனிந்தேன்.

டாக்டர் இனி ஒரே கை போதும் என்று சொல்லிவிட்டார் என்றாள் மகள். அவளுக்கு இரண்டு பேரையும் இப்போதே அனுப்பிவிடத்தான் கோபம் வருகிறது. அனுப்பினால் நாளைக்கு ஊசி போட ஆள் இல்லை. யார் இருக்கிறீர்கள் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள், இருக்கிறவர் வியாழன், திங்கள் தவிர அந்தப் பட்டையில் விரல் வைக்கக் கூடாது, தினமும் நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மணி நாலே முக்கால். மேட்ரனுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

செவ்வாய்க்காரி செருப்பைக் காலால் துழாவ ஆரம்பித்தாள். நீங்களே இருங்கள், நீங்கள்தான் முன்னால் வந்தவர், உங்களைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்றாள். அவள் அதை மனதார நம்பினாள். நான் பஸ்ஸில் கேட்ட வரம் தானாக மடியில் வந்து விழுந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் இருந்தால், இவள் போய்விடுவாள். போனவள்தான் கண்ணு. ஆறு நாளும் நான் குனிந்து காலைக் கழுவ, ஆறு நாளும் தலைக்கு மேலே அவள் புகழ் கேட்கும். கண்ணு இருந்தால் இப்படி, கண்ணு இருந்தால் அப்படி. இனி அவள் தப்புச் செய்யவும் வழியில்லை, வந்தால்தானே தப்புச் செய்ய. ஜென்மத்துக்கும் நான் சிஸ்டர்தான்.

நான் போனால்?

மேட்ரனுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை மூன்று மணிக்கு வகுப்பில் இருப்பேன் என்றேன். கடைசி நிமிஷம்வரை இழுக்கிற பழக்கத்தை டயாலிசிஸில் வைத்துக்கொள்ளாதே என்று திட்டினார். போனை வைத்துவிட்டுச் செவ்வாய்க்காரியிடம், “நீங்களே இருங்கக்கா” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு, இந்தக் காலத்தில் யார் விட்டுக்கொடுப்பார்கள் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. நல்ல மனசு என்ற பெயர் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை, கிடைத்ததை வைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் உள்ளே போனோம். தையலம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தடுமாற்றம். “ரெண்டு சிஸ்டரும் வந்துட்டீங்களா” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செய்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் என் நகத்தையோ முகத்தையோ பார்க்கவில்லை, போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“தெரியும். பிரிச்சு மறுபடி தைச்சதை எனக்குத் தெரியாதா.”

பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உங்கள் கால்தானே போகிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கேட்டேன்.

“தினமும் ஒருத்தர் வந்து அவ்வளவு நேரம் என் காலைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நல்லா இருந்துச்சு” என்றார்.

அதற்கு மேல் அந்த அறையில் நிற்க முடியவில்லை. போய் வருகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து, “சரி சிஸ்டர்” என்றார். அந்த ஒரு தடவையாவது மாற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்து ஒரு மூச்சு நேரம் நின்றேன். சொல்லவில்லை.

வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினேன். உள்ளே சர்க்கரை பார்க்கிற கருவி கீச்சிட்டது. செவ்வாய்க்காரி துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பட்டையைத் தொடாமல் மேலே மட்டும் சுற்றுவாள், தொட மாட்டாள், எனக்குத் தெரியும். ஒரு செருப்பை மாட்டிவிட்டு அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“கொஞ்சம் இறுக்கமா இருக்கு சிஸ்டர்” என்றார் தையலம்மா. “கண்ணு இப்படிக் கட்ட மாட்டா.”

செவ்வாய்க்காரி திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்தாள். நல்ல மனசு என்று சொன்ன முகம் இல்லை அது. எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. நான் வாரை மெதுவாக, ஒவ்வொரு துளையாக எண்ணி மாட்டினேன். நிஜமாகவே இறுக்கமாக இருக்கிறதா, சர்க்கரைக் காலுக்கு அது ஆகாதே, உள்ளே போய் ஒரே ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று கை தவித்தது. பையை எடுத்து அந்தக் கையில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.